உச்சிப்புளிக்கு நான்கு நாள் பிந்தி வந்த பெட்டி

சிங்கப்பூரிலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்குப் போனேன். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். 2024 ஜனவரியில் திறந்துவைத்து, ஜூன் மாதம் பயணிகளுக்கு விட்ட கட்டடம். பழைய முனையத்தின் குடியேற்ற வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இந்த விசாலம் பெரிய ஆறுதல். இருபது நிமிடத்தில் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்துவிட்டது. பெட்டிதான் வரவில்லை.

சுழல் பட்டை நின்றபோது ஒன்பது பேர் அங்கே நின்றிருந்தோம். என் பெட்டியில் மாமாவுக்கு வாங்கிய முழங்கால் பட்டையும் அரை டஜன் கோடாலித் தைலமும் இருந்தன. நான் வந்த நிறுவனத்தின் மேசையில் ஆள் இல்லை. அவர்கள் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை அடுத்த மூன்று நாளும் யாரும் எடுக்கவில்லை. அன்றிரவு எங்களுக்கு உதவியவர் ஓர் இளைஞர். வேலை நேரம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து ஒன்பது பேருக்கும் உட்கார்ந்து புகார்ப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். நள்ளிரவு தாண்டிவிட்டது. அவருடைய மேல்சட்டையில் இருந்தது நான் பயணம் செய்த விமான நிறுவனத்தின் பெயர் அல்ல.

ஊருக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். பெட்டி வராவிட்டால் அந்தப் புகார்ச் சீட்டைக் கையில் வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி, பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். இடையில் வாங்கிய துணிமணிகளின் ரசீதுகளையும் எடுத்து வையுங்கள்.

புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாகக் கார் ஓடியது. தேவிபட்டினத்தை நெருங்கும்போதே உப்புக் காற்று முகத்தில் அடித்தது. விடியற்காலையில் உச்சிப்புளி. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இங்கேதான் இருக்கிறது. தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டு வளர்ந்த எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமானம் ஏற இன்றுவரை ஓர் இடம் இல்லை. ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டுத் தமிழக வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. வயதானவர்களைக் காரில் நான்கு மணி நேரம் உட்கார வைக்கிற வேதனை எனக்குத் தெரியும்.

பெட்டி வராத கதையைச் சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையன் நிரந்தரமா, ஒப்பந்தமா?"

மாமா 1974 முதல் 2009 வரை மதுரை விமான நிலையத்தில் இந்தியன் ஏர்லைன்ஸில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். ஆவ்ரோ விமானம் தொடங்கிப் போயிங், ஏர்பஸ் வரை எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் தவழ்ந்திருக்கிறார். சிறிய விமானங்களின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலில் நின்றபடியே பெட்டிகளை வாங்கி அடுக்க வேண்டும். முன்னறையில் எவ்வளவு, பின்னறையில் எவ்வளவு என்று லோட் ஷீட்டில் எழுதியபடிதான் அடுக்க முடியும். எடை ஒரு பக்கம் மிஞ்சினால் விமானத்தின் சமநிலையே கெட்டுவிடும். "எரிபொருள் கூடுதலாக ஏற்ற வேண்டி வந்தால் ஆளை இறக்க மாட்டார்கள் மருமகனே, பெட்டியைத்தான் இறக்குவார்கள். உன் பெட்டி தொலைந்திருக்காது. அங்கேயே கிடக்கும்" என்றார். எந்த அதிகாரியும் எனக்குச் சொல்லாத விளக்கம் அது.

தன் நிறுவனத்தின் கதையை அவர் குடும்பக் கதைபோலவே சொல்வார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் ஏர் இந்தியா ஆன அந்தச் சேவையின் முதல் பாதையே சென்னையில் முடிந்தது என்பதில் மாமாவுக்கு அளவில்லாத பெருமை. 1953இல் அரசு விமானத் துறையை எடுத்துக்கொண்டபோது எட்டு நிறுவனங்களின் உள்நாட்டுச் சேவைகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆனது. வெளிநாட்டுப் பயணங்கள் ஏர் இந்தியாவிடம் போயின. 2007இல் இரண்டும் ஒன்றாயின. 2022 ஜனவரி 27 அன்று 18,000 கோடி ரூபாய் மதிப்பில் மறுபடியும் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அன்று முழுவதும் மாமா தொலைக்காட்சிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஊழியர் சலுகை என்றால் எங்கள் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது அப்பத்தாவின் விமானப் பயணம். அப்பாவைப் பெற்றவளை அம்மாவின் தம்பி எப்படி அழைத்துப்போனார் என்று கேட்பீர்கள். அப்பத்தாவுக்குச் சலுகை டிக்கெட் கிடையாது. ஊழியருக்கும் அவர் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கும்தான். மாமா தன் அம்மாவை, என் அம்மாச்சியை, இலவச டிக்கெட்டில் சென்னைக்கு அழைத்துப்போனபோது, அப்பத்தாவுக்குச் சம்பளத்தில் முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தார். இலவச டிக்கெட்டுக்கு இடம் காலியாக இருந்தால்தான் இருக்கை. 'சப்-லோட்' என்பார்கள். முதல் விமானத்தில் அப்பத்தா ஏறிவிட்டாள். அம்மாச்சியும் மாமாவும் அடுத்ததில் போனார்கள். அந்த இரண்டு மணி நேரம் மீனம்பாக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த கதையை அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

விமான டிக்கெட்டைவிடப் பெரியது வருங்கால வைப்பு நிதி என்பது மாமாவின் கருத்து. அவர் காலத்தில் ஏர் இந்தியா ஊழியர்களின் சேமிப்பு 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறக்கட்டளையில் இருந்தது. நிறுவனத்தின் பங்கு 10 சதவீதம். கைமாறுவதற்குச் சற்று முன், 2021 டிசம்பர் முதல், அது தொழிலாளர் வைப்பு நிதி அமைப்பின் கீழ் வந்தது. நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம் ஆனது. குறைந்தது மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியமும், பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2.5 லட்சம் முதல் 7 லட்சம் வரை காப்பீடும் சேர்ந்தன. விற்பனை அறிவிப்பு வந்தபோது நிறுவனத்தில் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் ஒப்பந்த ஊழியர்கள். ஓராண்டுக்கு யாரையும் நீக்கக் கூடாது என்பது அந்த விற்பனையின் நிபந்தனை.

பெட்டி ஏற்றி இறக்குவது போன்ற விமான நிலையப் பணிகளைப் பார்க்கும் தனி நிறுவனம் அந்த விற்பனையில் சேரவில்லை. அது அரசிடமே இருக்கிறது. இன்று பல விமான நிலையங்களில் நம் பெட்டியைத் தொடுகிற கை, நாம் டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் கை அல்ல. ஏர் இந்தியா 2023இல் 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. எனக்கும் அது மகிழ்ச்சிதான். ஆனால் அத்தனை விமானங்களுக்கும் குனிந்து பெட்டி அடுக்கப்போகிற பிள்ளைகளுக்கு மாமாவுக்குக் கிடைத்ததில் பாதியாவது கிடைக்க வேண்டும். திருச்சியில் நள்ளிரவில் எங்களுக்குப் படிவம் நிரப்பிய அந்த இளைஞர் ஒப்பந்தத்தில்தான் இருந்தார். அவரிடமே கேட்டேன். தன் அம்மா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை என்றும் சொன்னார்.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு வாடகைக் கார் வாசலில் நின்றது. பெட்டியின் கைப்பிடியில் 'ரஷ்' என்று அச்சிட்ட சீட்டு. உரியவர் இல்லாமல் தனியே அனுப்பப்படும் பெட்டிக்கு ஒட்டுவது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எந்த விமானத்தில், எந்தத் தேதியில் வந்தது என்று அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் சொன்னதுதான் சரி. பெட்டி மூன்று நாளும் சிங்கப்பூரிலேயே கிடந்திருக்கிறது. ஓட்டுநரை உட்கார வைத்து, அத்தை நகரைமீன் குழம்பு ஊற்றினாள்.

திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு கருவாடு, கருப்பட்டி, முறுக்கு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்துக் கட்டியிருந்தேன். அளவு 30 கிலோவுக்குள்தான் இருந்தது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது உலகில் பெரும்பாலான விமான நிலையங்களில் உள்ள விதி. தூக்குகிறவரின் முதுகுக்காக வந்த விதி. மாமா வந்து கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து தன் பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டி, கருப்பட்டி முழுவதையும் அதற்கு மாற்றினார்.