கிரைண்டிங்குக்குப் பில், நடந்தது எமரித் தாள் வேலை: அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய அம்பாசிடர் எஞ்சினைத் தாங்களே பிரித்து வேலை பார்க்க இறங்கியிருப்பவர்கள், கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) லேத் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வண்டி ஐயா வாங்கிய மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் வருடக்கணக்காக நின்றது. எஞ்சினை இறக்கிப் பிரித்தது நான்தான். ஆனால் கிராங்க் கிரைண்டிங், அதாவது தேய்ந்த கிராங்கைச் சீராக வட்டமாகத் தேய்த்தெடுப்பது, வீட்டில் ஆகிற காரியமில்லை, மிஷின் வேண்டும். அதனால் ஒரு பட்டறையில் கொடுத்தேன்.

“20 தௌ எடுத்தாச்சு தம்பி. புது பேரிங்கும் வச்சிருக்கேன், அப்படியே மாட்டிடுங்க” என்றார் பட்டறைக்காரர். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. பில்லில் கிரைண்டிங் தனி, பேரிங் தனி. பேரிங் பெட்டியின் மேலும் 020 என்றுதான் இருந்தது.

பேரிங் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் அளவு பொறித்திருப்பார்கள். அதில் இருந்தது எஸ்டிடி, அதாவது தேய்க்காத கிராங்குக்கான கம்பெனி அளவு. இந்த எஞ்சினில் மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் எஞ்சின் பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் பாகம், புதிதில் 2 அங்குல விட்டம். 20 தௌ தேய்த்திருந்தால் 1.980 வர வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்தால் 2-ஐ ஒட்டியே காட்டியது. அதே ஜர்னலைக் கால் சுற்றுத் திருப்பி அளந்தால் 2 தௌ குறைவு. பழைய நீள்வட்டத் தேய்மானம் அப்படியே இருக்கிறது. மிஷினில் ஏற்றவே இல்லை, எமரித் தாள் போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்.

இதில் மோசம் என்னவென்றால், மாட்டினால் எல்லாம் சரியாகவே உட்காரும், எஞ்சினும் ஓடும். சூடானதும் தேய்ந்த இடத்து இடைவெளி வழியாக ஆயில் கசிந்து பிரஷர் இறங்கும், அடியில் தட்டும் சத்தம் வரும். அப்போது போய்க் கேட்டால் “நீங்க மாட்டினது சரியில்ல” என்று பழி நம் தலையில்தான் விழும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

நேரில் கேட்டதற்கு, “பெரிய வீட்டு வண்டி, இதுக்குப் போய்க் கணக்குப் பாக்குறீங்களே” என்றார். பணம் திரும்ப வரவில்லை.

கிராங்கைப் பிறகு மதுரையில் கொடுத்தேன். அங்கே என் கண்முன் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசையில் அளந்து தாளில் எழுதித் தந்தார்கள். 10 தௌ எடுத்தாலே போதுமாம். நீங்களும் மூன்று மெயின், நான்கு பிக் எண்ட் (கனெக்டிங் ராட் மாட்டும் ஜர்னல்) எல்லாவற்றுக்கும் இப்படி எழுதி வாங்குங்கள், கொடுக்கும்போது ஒரு தடவை, வாங்கும்போது ஒரு தடவை. கிராங்கைக் கொடுக்கும் முன்பே மெயின் கேப்புகளில் (மெயின் பேரிங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மூடிகள்) பஞ்ச் அடையாளம் போட்டுவிடுங்கள். அவை பிளாக்கோடு சேர்த்துக் குடைந்தவை, இடம் மாறினால் கிராங்க் இறுகும். பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பில்லையும் பேரிங் முதுகின் படத்தையும் வைத்துச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அப்புறம், பில் இல்லாமல் பட்டறையில் எதையும் விடாதீர்கள். “எத்தனை தௌ” என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.