தண்ணிய வெளியவே தடுக்கறதா, உள்ள விட்டுட்டு சரக்க மேல தூக்கறதா?

வெள்ளம் வருதுன்னு தெரிஞ்ச உடனே எல்லாரும் தேடறது மணல் மூட்டை தான். ஷட்டர் முன்னாடி நாலு வரிசை அடுக்கிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி. ஆனா கடையோ குடோனோ ஆபீஸோ, உண்மையில ரெண்டு வழி இருக்கு: தண்ணிய உள்ள வராம தடுக்கறது ஒண்ணு, வந்துட்டு போகட்டும்னு விட்டுட்டு உள்ள எதுவும் கெடாத மாதிரி இடத்த ரெடி பண்றது இன்னொண்ணு. ரெண்டாவது வழிய பத்தி யாரும் பேசறதே இல்லங்கறது தான் எனக்கு வருத்தம்.

முதல்ல தடுக்கறத பாப்போம். தண்ணியோட உயரம் தான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். 1 மீட்டர் அகல சுவர்ல 1 மீட்டர் உயரத்துக்கு தண்ணி சும்மா நின்னாலே சுமார் 500 கிலோ தள்ளும், 2 மீட்டர் நின்னா 1000 இல்லீங்க, 2000 கிலோ. உயரம் ரெண்டு மடங்கானா தள்ளற பலம் நாலு மடங்கு. சாதாரண செங்கல் சுவர் இத தாங்காது, அதனால சுமார் 3 அடிக்கு மேல தண்ணி வர்ற இடத்துல பிடிவாதமா தடுத்தா சரக்கோட சேந்து சுவரும் போயிடும். உள்ள வெளிய ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல தண்ணி நின்னா அழுத்தம் சமமாயிடும், சுவர் பிழைச்சுக்கும்.

மணல் மூட்டையா, கழட்டி மாட்டற அலுமினியம் தடுப்பா? மூட்டைய முழுசா ரொப்பி இறுக்கி கட்டறது தான் எல்லாரும் பண்ற தப்பு, பாதியோ, முக்கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியாவோ ரொப்பினா தான் ஒண்ணோட ஒண்ணு அமுங்கி உக்காரும், செங்கல் கட்டற மாதிரி மாத்தி மாத்தி வைக்கணும், தண்ணி வர்ற பக்கம் பிளாஸ்டிக் ஷீட் போடணும். அப்படியும் கசியும், உள்ள ஒரு பம்ப் வேணும். வெள்ளம் வடிஞ்சதும் அந்த மணல் சாக்கடை கலந்த மணல், வேற எதுக்கும் எடுக்க முடியாது. அலுமினியம் தடுப்பு ரப்பரோட வர்றதால நல்லா அடைக்கும், சீக்கிரம் மாட்டலாம், வருஷக்கணக்கா வரும். குறை என்னன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி வந்தா மாட்ட ஆள் இருக்கணும். சாவி யார்கிட்ட இருக்குன்னு இப்பவே முடிவு பண்ணுங்க.

இதுல எது வாங்கினாலும் டாய்லெட்ட மறந்துடாதீங்க. வாசல்ல ஆயிரம் தடுப்பு வச்சாலும் தெரு சாக்கடை நிரம்பினா தண்ணி டாய்லெட் வழியாவும் தரையில இருக்கற வடிகால் வழியாவும் உள்ள வரும். பைப்ல தண்ணிய வெளிய மட்டும் விட்டு திரும்பி வர விடாத நான் ரிட்டர்ன் வால்வு போடாம வாசல மட்டும் அடைக்கறது வீண் செலவு.

இப்ப ரெண்டாவது வழி. கரண்ட பிரிச்சு அனுப்பற டிபி பாக்ஸ், மெயின் ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் எல்லாம் எதிர்பாக்கற தண்ணி மட்டத்துக்கு மேல போகணும், வயர் மேல இருந்து கீழ இறங்கணும். ரேக்ல அடித்தட்டு காலியா இருக்கணும், இல்ல நனைஞ்சாலும் கழுவி எடுக்கற சாமான் மட்டும் இருக்கணும். கீழ மரத்தூள அமுக்கி செய்யற பார்ட்டிகிள் போர்டு ஒரு தடவ ஊறினாலே முடிஞ்சுது, அங்க சிமெண்ட், டைல்ஸ், ஸ்டீல் தான். டேங்க், டிரம், கேஸ் சிலிண்டர் எல்லாத்தையும் கட்டி வைங்க, ஏன்னா பாதி காலியான டீசல் டேங்க் மிதக்கும், பைப்ப பிச்சுக்கிட்டு போனா டீசல் மொத்தமும் தண்ணில, அப்புறம் எத கழுவினாலும் அந்த வாசனை போகாது. கணக்கு டேட்டாவுக்கு மூணு காப்பி, அதுல ஒண்ணாவது வேற இடத்துல.

கைல ஒரு செலவுக்கு தான் பணம் இருக்குன்னா நான் தூக்கறதுக்கு தான் போடுவேன். தடுப்பு தோத்தா மொத்தமா தோக்கும், ஒரு இன்ச் மேல ஏறினாலும் உள்ள இருக்கறது எல்லாம் போச்சு. தூக்கி வச்சது தோத்தாலும் மேல்தட்டாவது மிஞ்சும். முழங்காலுக்கு கீழ தான் தண்ணி வரும்னு நிச்சயமா தெரிஞ்ச இடமா இருந்தா மட்டும் தடுப்புக்கு முதல் ஓட்டு.

வடிஞ்ச பிறகும் இதே மாதிரி ரெண்டு ரெண்டு வழி தான். பேஸ்மெண்ட்ல நிக்கற தண்ணிய ஒரே நாள்ல இறைச்சு தள்ளணும்னு கை பரபரக்கும், செய்யாதீங்க. வெளிய மண் ஊறி இருக்கும், உள்ள காலி பண்ணிட்டா சுவர் உள்பக்கமா சரியும். வெளிய தண்ணி வடிஞ்ச அப்புறம் ஒரு நாளைக்கு மூணுல ஒரு பங்கு எடுங்க, சுவர்ல கோடு போட்டு வச்சு மறுநாள் மட்டம் ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறியிருந்தா நிறுத்திடுங்க.

உடனே கழுவறதா, இன்சூரன்ஸ் ஆள் வர்ற வரைக்கும் தொடாம விடறதா? ரெண்டும் தப்பு. முதல்ல போட்டோ, வீடியோ, தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி, அப்புறம் கழுவுங்க, கெட்டுப்போன சரக்குல கொஞ்சம் எடுத்து தனியா வைங்க. ஈரத்துல 24லேருந்து 48 மணி நேரத்துல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும், யாருக்காகவும் அது காத்திருக்காது.

காய வைக்க ஜன்னல திறக்கறதா, காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற டீஹியூமிடிஃபையர் மெஷினா? வெளிக்காத்து உள்ள இருக்கறத விட உலர்ந்திருந்தா திறங்க, மழை ஈரமாவே இருந்தா மூடிட்டு மெஷின் போடுங்க, ரெண்டையும் சேத்து பண்ணினா கரண்ட் தான் செலவு. ஜெனரேட்டர் மட்டும் எந்த காரணத்துக்கும் உள்ள வேண்டாம், ஜன்னல் கதவுலேருந்து 20 அடியாவது தள்ளி வெளிய தான். அந்தப் புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியறதுக்குள்ள உயிர் போயிடும்.

நனைஞ்ச பிரேக்கர், ஸ்விட்ச் எல்லாம் காஞ்சுடுச்சேன்னு போடாதீங்க, மாத்தணும். மோட்டார்னா தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுத்து பிரிச்சு காய வச்சு டெஸ்ட் பண்ணி எடுக்க வாய்ப்பு இருக்கு.

நனைஞ்ச பத்திரம், கணக்கு நோட்டுக்கு வெயிலா ப்ரீசரா? நாலஞ்சு தான்னா நிழல்ல ஃபேன் காத்துல விரிச்சு வைங்க. பெட்டிக்கணக்குல இருந்தா பக்கத்த பிரிக்க போகாம, அப்படியே கவர்ல போட்டு ப்ரீசர்ல வைங்க, பூஞ்சை அதோட நின்னுடும், கடை வேல முடிஞ்ச பிறகு ஒவ்வொண்ணா எடுத்து காய வச்சுக்கலாம்.