649 ரூபாய் சமையல் தராசு: ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு

எட்டு கிலோ குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரமே இந்த டிஜிட்டல் தராசை ஆன்லைனில் வாங்கினேன். 5 கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். மேலே கண்ணாடித் தட்டு, உள்ளே இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி. மூன்று வேளையும் இதில்தான் நிறுக்கிறேன்.

முதல் மாதம் தப்பாக நிறுத்தேன். தட்டில் 250 கிராம் சாதத்தை வைத்து, கலோரி ஆப்பில் 'அரிசி' என்று போட்டேன். 890 கலோரி என்றது. பயந்து அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. அந்த ஆப் காட்டியது 100 கிராமுக்கு 356 என்ற கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலிலும் அதேதான் இருக்கிறது. ஆனால் அது வேகாத அரிசிக்கு. வெந்தால் அரிசி தண்ணீரைக் குடித்து மூன்று மடங்கு கனக்கும். தண்ணீருக்குக் கலோரி கிடையாது.

இப்போது அரிசியை ஊற வைக்கும் முன்பே நிறுத்துவிடுகிறேன். நால்வருக்கு 300 கிராம், அதாவது 1068 கலோரி. குக்கரில் வெந்ததும் சாதம் 860 கிராம். என் தட்டில் விழும் 250 கிராமுக்கு 310 கலோரிதான். காலிப் பாத்திரத்தின் எடை 412 என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், சாதத்தோடு நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். கோழிக்கு இது தலைகீழ். அரை கிலோ வறுத்தால் 350 கிராம் ஆகிவிடும். போனது பெரும்பாலும் தண்ணீர்தான், கலோரி அப்படியே உட்கார்ந்திருக்கும். வறுத்ததை நிறுத்துப் 'பச்சைக் கோழி' என்று பதிந்தால் குறைவாகச் சாப்பிட்டதாகத்தான் காட்டும்.

ஆனால் இந்தத் தராசு எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்துவிட்டது எண்ணெய் விஷயத்தில். எங்கள் வீட்டில் பொரியல், வறுவல் எல்லாம் அத்தை கைப்பக்குவம், எண்ணெய் கண்ணளவு. ஒருநாள், "எப்பவும் போல ஊத்துங்க அத்தை, நான் பாட்டிலை மட்டும் நிறுத்துக்கறேன்" என்றேன். உருளைக்கிழங்கு வறுவல், கிழங்கு 300 கிராம். முதலில் பாட்டில் 812 கிராம். நடுவில் கிழங்கு ஒட்டுகிறது என்று இரண்டு முறை சுற்றி ஊற்றினார். இறக்கியபோது பாட்டில் 774. சட்டியில் ஒரு துளி மிச்சமில்லை. 38 கிராம் எண்ணெய், கிராமுக்கு 9 கலோரி வீதம் 342. கிழங்கோ மொத்தமே 230 தான்!

"செக்கு எண்ணெய்தானேம்மா, அது ஒண்ணும் செய்யாது" என்றார் அத்தை. மணமும் ருசியும் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். கலோரியில் செக்கு, ரீஃபைண்ட், நல்லெண்ணெய் எல்லாம் ஒன்றுதான். மறுவாரம் அதே அளவு கிழங்கை வேக வைத்து, 5 கிராம் எண்ணெயில் தாளித்துப் பிரட்டினோம். மொத்தம் 275 கலோரி. முறுகல் இல்லை என்ற குறை அத்தைக்கு இன்னும் இருக்கிறது, எனக்கும்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை வறுவல், மற்ற நாளில் பிரட்டல்.

பொரிக்கிற பண்டத்துக்கு, எண்ணெய்ச் சட்டியைப் பொரிக்கும் முன்னாலும், நன்றாக ஆறிய பிறகும் நிறுக்க வேண்டும். பத்து அப்பளத்துக்கு 24 கிராம் குறைந்தது. சுட்ட அப்பளத்துக்கு இந்தக் கணக்கே இல்லை. ஆப்பில் 'உருளை வறுவல் ஒரு கப்' என்று இருப்பதை நான் இப்போது தொடுவதே இல்லை. யார் வீட்டு வறுவல் அது?

சரி, தராசின் குறைகள். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் தானே அணைந்துவிடுகிறது, பாத்திரத்தின் எடையைக் கழிக்க டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி வைத்திருந்தால் அந்தக் கணக்கும் அதோடு போய்விடுகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிறுப்பவர்களுக்கு இது பெரிய எரிச்சல். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டால் எண் நகர்வதே இல்லை. பாட்டிலை நிறுத்துக் கழிப்பதுதான் வழி. உப்பு, பெருங்காயம் அளக்க இதை வாங்க வேண்டாம். சூடான சட்டியை நேராக வைத்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது, அடியில் மரப்பலகை போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, அகலமான வாணலி வைத்தால் திரை அடியில் மறைந்துவிடும். குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் திரை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மாடலாகப் பாருங்கள். நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை.