அக்கினி மூலையா, வாயு மூலையா, பின்வளவுக் குசினியா?

மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது, அறைகள் எத்தனை என்பதை ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டோம். அடுப்பு எந்த இடத்தில் என்பதற்கு மூன்று கிழமை சென்றது. வரைபடம் கீறியவர் வடகிழக்கில், கடலைப் பார்த்தபடி, மண்டபத்தோடு ஒட்டிய திறந்த சமையலறையான பென்ட்ரியைக் காட்டினார். மாமி அக்கினி மூலையான தென்கிழக்கை விட்டு அசையவில்லை. கிணறும் குளியலறைக் குழாய்களும் அந்தப் பக்கம் இருப்பதால் வாயு மூலையான வடமேற்கே செலவு குறைந்தது என்றார் மேசன். அம்மாவுக்கோ பின்வளவில் தனிக் குசினியும் விறகடுப்பும் இல்லாத வீடு வீடே அல்ல. நான்கையும் ஒன்றன் அருகில் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, முடிவைச் சொன்னது காற்றுத்தான்.

எங்கள் கரையில் இரண்டு காற்றுகள் ஆண்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை மழையோடு வருகிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வறண்ட சூட்டோடு அடிக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே கோட்டில், எதிரெதிர்த் திசைகளில் ஓடுபவை. ஆகவே வடகிழக்கு மூலையில் அடுப்பை வைத்தால் வாடை அதன் புகையையும் தாளிதத்தின் காரத்தையும் வீட்டுக்குள்ளேயே தள்ளும். தென்மேற்கில் வைத்தால் கச்சான் அதையே செய்யும். தென்கிழக்கும் வடமேற்கும் அந்தக் கோட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கின்றன. தென்கிழக்கு மூலையில் கிழக்குச் சுவரில் ஒரு யன்னலும் தெற்குச் சுவரில் ஒரு யன்னலும் வைத்தால், வாடை கிழக்கால் நுழைந்து தெற்கால் வெளியேறும், கச்சான் தெற்கால் நுழைந்து கிழக்கால் வெளியேறும். எந்தப் பருவத்திலும் புகை படுக்கையறைப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. அக்கினி மூலையை வகுத்தவர்கள் இதை எண்ணித்தான் வகுத்தார்களா என்பது வேறு விடயம். இந்தக் கரையில் மாமியின் சொல் காற்றோடு பொருந்துகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வடகிழக்குப் பென்ட்ரி கண்ணுக்கு அழகானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே அமைப்பிலுள்ள என் அக்காவின் காரைதீவு வீட்டில், மார்கழி மாதத்து மாலை ஒன்றில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பாலாணம் வைத்துக்கொண்டிருந்தபோது நான் கண்டதை மறக்க முடியவில்லை. யன்னலுக்கு நேர்கீழே இருந்த காஸ் அடுப்பின் நீலச் சுவாலை ஒரு பக்கமாகச் சரிந்து, நுனி மஞ்சளாகி, சட்டியின் விளிம்பை மட்டும் நக்கியது. அடுத்த வீச்சில் ஓசையே இல்லாமல் அணைந்தது. அணைந்தால் காஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வால்வு அந்த அடுப்பில் இல்லை. மணம் பிடித்து நாங்கள் திருகும்வரை காஸ் வந்துகொண்டே இருந்தது. யன்னல் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நேர்பின்னால் வேண்டாம்.

இனித் தென்கிழக்கும் வடமேற்கும். காற்றின் கணக்கில் இரண்டும் சமம் என்றாலும், பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்று வடமேற்குக் குசினியை அடைவதற்கு முன் அறைகளைக் குளிரச் செய்துவிட்டுப் புகையை மேற்கால் வெளியே கொண்டுபோவதால், அந்த ஒரு வேளையில் வடமேற்குக்கே சற்று நன்மை. ஆனால் மேற்குச் சுவர் பின்னேரம் முழுவதும் வெயில் குடித்து, இராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் நேரத்தில் சூட்டைத் திருப்பித் தருகிறது. தென்கிழக்குக்குக் காலை வெயில்தான். பின்னேரம் சுவர் ஆறிவிடும். குழாய்ச் செலவு ஒரு முறை, வெயில் ஒவ்வொரு நாளும் என்பதால் தென்கிழக்கையே தேர்ந்தோம்.

அம்மாவின் பின்வளவுக் குசினியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மண்சட்டியில் விறகுத் தணலில் மெல்ல வற்றும் மீன் ஆணத்தின் ருசி காஸில் வருவதில்லை என்று நானும் நம்புகிறேன். 2022ஆம் ஆண்டில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்காக நாடே வரிசையில் நின்றபோது, விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில்தான் நேரத்துக்குச் சோறு வெந்தது. அதற்கு எதிராக நிற்பவை இரண்டு. முதலாவது புகை: வீட்டுக்குள் எரிபொருளின் புகையைச் சுவாசிப்பதால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, கண்ணைக் கசக்கியபடி ஊதுகுழலோடு குனிந்த அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டாவது நடை: பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையிலான தூரங்களின் கூட்டுத்தொகை 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கு, 1940களில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்தது. அம்மா காட்டிய இடத்தை நாடா பிடித்து அளந்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அடுப்புக்கு மட்டும் 40 அடி, அதுவும் மாரி மழையில். எனவே தனிக் குசினிக்குப் பதிலாக, குசினியின் தெற்குக் கதவுக்கு வெளியே சிறிய சாய்கூரைப் பத்தி ஒன்றை இறக்கி, யன்னலிலிருந்து விலக்கி, புகைக்கூண்டோடு விறகடுப்பை அங்கே வைத்தோம். நெல் அவிக்கவும், பெருநாளுக்குப் பெரிய பானை ஏற்றவும், காஸ் கிடைக்காத நாளைச் சமாளிக்கவும் அது போதும்.

மின்காந்த (இண்டக்ஷன்) அடுப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சுவாலை இல்லாததால் காற்று அதை ஒன்றும் செய்யாது, துடைப்பதும் சுலபம். ஆனால் காந்தம் ஒட்டாத அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் அதில் சூடேறா; 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதும் நினைவில் இருக்கிறது. தேநீருக்கு இரண்டாவது அடுப்பாக வைத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம்விடப் பலர் தவறவிடுவது சமையல் மேடைத் தட்டின் உயரம். வழக்கமாகக் கொங்கிறீட் தட்டை ஒரே மட்டத்தில் மூன்றடிக்குப் போட்டுவிடுவார்கள். அதன்மேல் ஐந்து அங்குலக் காஸ் அடுப்பை வைத்து, அதற்கும் மேலே இடியப்பப் பானையை ஏற்றினால், மூடியைத் திறக்கிறவளின் முகத்துக்கு நேரே ஆவி வரும். எங்கள் மேசன் வயதானவர். சோக்கட்டியைச் சுவரில் வைத்தபடி, “மகள், கையை மடக்கி நில்லுங்க, முழங்கை எங்க வருது எண்டு பாப்பம்” என்றார். ஐந்தடி உயரமுள்ள எனக்கு முழங்கை ஏறத்தாழ 38 அங்குலத்தில் நின்றது. வெட்டும் இடம் முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோள் நோகாது என்பதால் அதை 33 அங்குலத்திலும், அடுப்பு வைக்கும் இடத்தை 28 அங்குலத்திலும் இரண்டு மட்டமாகப் போட்டார். அடுப்பின் மேல்விளிம்பும் வெட்டும் தட்டும் இப்போது ஒரே நேரில் நிற்கின்றன. அரிந்த வெங்காயத்தைப் பலகையிலிருந்து நேரே சட்டிக்குள் தள்ளிவிடலாம். புதைத்துப் பதிக்கும் அடுப்பு வாங்குபவர்களுக்கு இந்த இறக்கம் தேவையில்லை.

சிலிண்டருக்குத் தட்டின் கீழே அலுமாரி அடித்து மூடுவதா, சுவருக்கு வெளியே வைப்பதா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே யன்னலை நோக்கிப் போகாமல் நிலத்தில் தேங்கும். 2021 கடைசியில் நாட்டின் பல வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு, மூடிய அலுமாரிக்குள் சிலிண்டரை வைக்க மனம் வரவில்லை. கிழக்குச் சுவருக்கு வெளியே, மழை படாத சிறு கூரையின் கீழ், உப்புக்காற்றில் அடி துருப்பிடிக்காதபடி இரண்டு செங்கல் மேல் அது நிமிர்ந்து நிற்கிறது. குசினிக்குள்ளும், தரையோடு ஒட்டிச் சுவரில் ஒரு சாண் அகலத் துவாரம் விட்டு, எலி நுழையாமல் கம்பிவலை அடித்திருக்கிறோம்.