ஸ்டீயரிங் சத்தத்துக்கு "ரேக் போச்சு"ன்னு சொல்றாங்களா? காசு கட்டறதுக்கு முன்னாடி படிங்க

முப்பத்தெட்டாயிரம். ரேக்கை (ஸ்டீயரிங் சுத்தறதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோற பல்லுத் தண்டு) மாத்திட்டோம்னு இவ்வளவு ரூபாயையும் வாங்கிக்கிட்டு வண்டியைக் கழுவித் துடைச்சுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. சத்தம் அப்படியே இருக்கு.

பேரு வேண்டாம். வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துட்டுப் போய், வேலையை முடிச்சுக் கொண்டுவந்து விடற கார் சர்வீஸ் ஆப் வகையறா.

குறை இதுதான்: நின்ன இடத்துல ஸ்டீயரிங்கை ஒடிச்சா, பாதி ஒடிப்புல இடது முன்பக்கம் "டங்"னு ஒரு சத்தம். இப்படி வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ரட் (முன் சக்கரத்தோட ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) மேல உட்கார்ந்திருக்கிற மவுண்ட் பேரிங். அது இறுகிப் போச்சுன்னா, சக்கரம் திரும்பும்போது ஸ்பிரிங் கூடச் சுத்தாம முறுக்கிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல சடார்னு விடும். அந்தச் சத்தம்தான் இது. கண்டுபிடிக்க ரெண்டு பேர் போதும். ஒருத்தர் ஸ்டீயரிங்கை மெதுவா ஒடிக்கணும், இன்னொருத்தர் ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் விரல் நுனியை வைக்கணும். சுருளுக்கு நடுவுல விரலை விட்டுடாதீங்க. பேரிங் நல்லா இருந்தா ஸ்பிரிங் சீராச் சுத்தும். போயிருந்தா நின்னு நின்னு துள்றது கையில தெரியும்.

அங்கே யாரும் இதைச் செய்யல. அதுக்குப் பதிலா ஒரு வீடியோ வந்துச்சு. லிஃப்ட்ல ஏத்தின வண்டி, சக்கரத்தை ரெண்டு பக்கவாட்டுலயும் பிடிச்சு ஆட்டறாங்க, லொடலொடன்னு ஆடுது. கூடவே அட்வைசரோட போன்: "சார், ரேக் உள்ள பல்லு தேஞ்சிருச்சு. ஹைவேயில லாக் ஆச்சுன்னா உயிருக்கே ஆபத்து. எங்க அண்ணன் வண்டின்னா நான் ஓட்டவே விட மாட்டேன்." ரேக் தேஞ்சாலும், டை ராடு (ரேக்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) மூட்டு தேஞ்சாலும் பக்கவாட்டுல ஆட்டம் வரும்ங்கறது நிஜம். ஆட்டத்தைக் கண்ணால வேற காட்டிட்டாங்க. நம்பாம இருக்க என்ன இருக்கு? ஒரு வருஷ வாரன்டின்னாங்க, முழுக் காசையும் முன்னாடியே கேட்டாங்க. முப்பத்தெட்டாயிரம் போச்சு.

இப்ப அதே வீடியோவை நிறுத்திப் பாருங்க. சக்கரத்துல அஞ்சு போல்ட். இந்த வண்டிக்கு நாலுதான்.

சத்தம் போகலைன்னதும் வேற இடத்துல லிஃப்ட்ல ஏத்திப் பார்த்தாச்சு. ரேக் மாத்தணும்னா ரெண்டு பக்கமும் டை ராடு எண்டைக் கழட்டணும், ஸ்டீயரிங் காலம், அதாவது ஸ்டீயரிங்லேர்ந்து கீழே இறங்கற தண்டு, அதோட அடி ஜாயின்ட் போல்ட்டை எடுக்கணும், சப்ஃபிரேம்ல (வண்டி அடியில இருக்கிற இரும்புச் சட்டம்) ரேக்கைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகளையும் எடுத்தாகணும். எதுலயும் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டை ராடு லாக் நட்டுல பழைய துரு அசையாம இருக்கு. ரேக் போல்ட்டுல கம்பெனி போட்ட பெயின்ட் கோடு உடையவே இல்லை. ரேக் மேல மட்டும் புதுசாக் கறுப்பு ஸ்பிரே. நகத்தால சுரண்டினா தோலா உரிஞ்சு வருது, அடியில காஞ்ச சேறு. சேத்தைக்கூடத் துடைக்காம பெயின்ட் அடிச்சிருக்காங்க!

பில்லுல இன்னொரு கூத்து: "பவர் ஸ்டீயரிங் ஆயில், 1 லிட்டர்." இந்த வண்டியில ஸ்டீயரிங் தண்டுலயே மோட்டார் இருக்கிற எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். பம்ப்பும் கிடையாது, ஆயில் டப்பாவும் கிடையாது. அந்த ஒரு லிட்டரை எங்க ஊத்தினாங்க?

கேட்டா வந்த பதில்கள்: "புது ரேக் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." அப்புறம், "பழைய பார்ட் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." கடைசியா வந்ததுதான் உச்சம்: "வாரன்டி பார்ட்டுக்குத்தான் சார், சத்தத்துக்கு இல்லை." அதுக்கு மேல அட்வைசர் போனையே எடுக்கல. சாட்ல ஒரு மிஷின் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கு.

கடைசியில மாத்தினது ரெண்டு பக்க மவுண்ட்டும் பேரிங்கும். ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டு இறுக்கின பிறகுதான் மேல் நட்டைத் தொடணும், இல்லைன்னா ஸ்பிரிங் பாஞ்சு ஆளையே அடிச்சிடும். அதனால வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. சத்தம் சுத்தமாப் போயிடுச்சு. செலவு, முப்பத்தெட்டாயிரத்துல பத்துல ஒரு பங்குகூட இல்லை.

எந்தச் சத்தத்துக்கு எதைப் பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோவத்துல வர மாட்டேங்குது. அவசரத்துக்கு இது போதும்:

ஃபுல்லா ஒடிச்சு ஓட்டும்போது மட்டும் "கடக் கடக்"னு வந்தா ஆக்ஸில் வெளி ஜாயின்ட். அதை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கான்னு பாருங்க.

ஆயில் வகை ஸ்டீயரிங்ல "ஊஊ"ன்னு முனகினா முதல்ல ஆயில் மட்டம், நுரை. பம்ப் பேச்செல்லாம் அப்புறம்.

வண்டியை விடறதுக்கு முன்னாடி, மாத்தப் போறதாச் சொல்ற பார்ட்ல பெயின்ட் மார்க்கரால ஒரு புள்ளி வைங்க. பழைய பார்ட் டிக்கியில வந்தாகணும்னு எழுத்துல வாங்குங்க. ரேக்கோ டை ராடோ மாத்தினா வீல் அலைன்மென்ட் பண்ணியே ஆகணும். அந்தப் பிரின்ட் இல்லைன்னா வேலையே நடக்கலைன்னு வச்சுக்குங்க. முழுக் காசு முன்னாடி கட்டாதீங்க.

மிச்சம் அப்புறம். இப்பத்தான் மெசேஜ் வந்திருக்கு, "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது"ன்னு. அஞ்சு ஸ்டார் கேக்கறாங்க.