பைபாஸுக்குப் பிறகு அயர்ன் மாத்திரை: வயிறு தாங்கும், ஏப்பம் தாங்காது

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கும் தோழி ஒருத்தி, "நீ எந்த அயர்ன் மாத்திரைடி போடுற? பேரை மட்டும் அனுப்பு" என்று கேட்டாள். பேரை மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கு மனசு வரவில்லை.

இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டி இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் எனக்கும் ஆனதுதான். அதைச் செய்தவர்களுக்கு இரும்பு எதற்கு என்று பாடம் எடுக்கப் போவதில்லை. இரும்பை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. சாப்பாடு இனி அந்தப் பக்கமே போகாது. சின்னதாக்கிய இரைப்பையில் அமிலமும் குறைவு. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குத் தினமும் 45 முதல் 60 மில்லிகிராம் வேண்டும் என்பார்கள். இவ்வளவும் டிஸ்சார்ஜ் பேப்பரில் இருக்கும். ஏப்பத்தைப் பற்றித்தான் ஒரு வரி கூட இருக்காது.

எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது ஃபெரஸ் அஸ்கார்பேட் என்ற இரும்பு மாத்திரை, 100 மில்லிகிராம். பிள்ளை வயிற்றில் இருந்தபோது சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையை மாதக்கணக்கில் முழுங்கியவள் நான். மலம் கறுத்தது, அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் இதையும் காலையில் வெறும் வயிற்றில் போட்டேன். குமட்டல் வந்தது, சில நாள் வாந்தியும் வந்தது. அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. அடங்காதது ஏப்பம். துருப்பிடித்த ஜன்னல் கம்பியை நக்கியது போல ஒரு ருசி, மாத்திரை போட்டு அரைமணியில் தொடங்கி மதியம் வரைக்கும் மேலே வந்துகொண்டே இருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றத்தில் இறங்குகிறவள் நான். மூடிய ஏசி பெட்டி, இடித்துக்கொண்டு கூட்டம், கர்ச்சீப்பை வாயில் வைத்தபடி மண்ணடி எப்போது வரும் என்று நிற்பேன். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார். அவருக்கா ஏப்பம் வருகிறது?

ஆனால் நியாயமாகச் சொன்னால், ரத்தப் பரிசோதனையில் கணக்கு காட்டியது அந்த மாத்திரை மட்டும்தான். அதைப் போட்ட வரைக்கும் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு, கீழே இறங்காமல் நின்றது.

அடுத்தது சிரப். பாட்டிலோடு வந்த தாளில், பல்லில் கறை படியும், ஸ்ட்ரா போட்டுக் குடிக்கவும் என்று இருந்தது. டயட்டீஷியன் கொடுத்த தாளிலோ, ஸ்ட்ராவைத் தொடவே கூடாது, காற்று உள்ளே போய் ஏப்பம் வரும் என்று இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில் ஸ்பூனால் நாக்குக்குப் பின்னால் ஊற்றி, உடனே வாய் கொப்பளித்தேன். பல் தப்பித்தது, ஏப்பம் தப்பவில்லை.

அப்புறம் பிஸ்கிளைசினேட், இரும்பிலேயே இன்னொரு வகை மாத்திரை. மெடிக்கல் ஷாப் தம்பி, "இன்னாக்கா, அதுவும் செட் ஆகலயா? இத்த போடு, நைஸா இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தான். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். நைஸாகத்தான் இருந்தது. குமட்டல் இல்லை, மலச்சிக்கல் குறைந்தது, ஏப்பம் வந்தாலும் துரு ருசி லேசாகத்தான் வந்தது. மெட்ரோவில் கர்ச்சீப் இல்லாமல் போனேன். இவ்வளவு பாராட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும்: அடுத்த பரிசோதனையில் ஃபெரிட்டின் 9. முப்பதுக்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை, என் குடல் கதை இது.

நேரக் கணக்கையும் சொல்லியாக வேண்டும், பாதிக் கோபம் அதில்தான். கால்சியமும் இரும்பும் சேரக்கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கால்சியம் சிட்ரேட் ஒரே வேளையில் முடியாது, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். டீயும் காபியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குத் தனி இடைவெளி. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்பது வேறு. பாரிமுனை ஆபீஸில் பதினொரு மணிக்கு டீ கிளாஸோடு பையன் வந்து நிற்பான். "அக்கா இப்ப குடிக்கலாமா?" என்று அவன் கேட்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். இரும்பு போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த வேளை இரும்பை உள்ளே விடாமல் கதவடைக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பார்க்கலாம் என்றார். உடலுக்கு அதில் எவ்வளவு லாபமோ, பாதி நாள் ஏப்பம் இல்லாததே எனக்குப் பெரிய லாபம்.

என் மாமியார் ஆரம்பத்திலிருந்தே சொன்னது சுவரொட்டி. கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டு மண்ணீரல் வாங்கி, மிளகு உப்பு போட்டு வதக்கி, சின்னச் சின்னத் துண்டாகத் தட்டில் வைப்பார். கறி தொண்டையில் நின்றுகொள்ளும் எனக்கு, மெத்தென்று இருக்கும் சுவரொட்டி மட்டும் சிரமம் இல்லாமல் இறங்கியது. இறைச்சியில் இருக்கும் இரும்பு டீக்கெல்லாம் அவ்வளவாக மசியாது. ஏப்பம் வந்தாலும் மிளகு வாசனைதான் வரும்! மாத்திரைக்குப் பதில் இது போதும் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த 9, சுவரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது வந்த 9.

அதனால் டிரிப். நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்து ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ், 1000 மில்லிகிராம், சலைனில் கலந்து கால் மணி நேரம், அப்புறம் அரை மணி நேரம் கண்காணிப்பு. நரம்பு கிடைக்காமல் இரண்டு கையையும் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நிற்கும் என்பதால் கையை அசைக்காமல் உட்கார்ந்தேன். ரத்தத்தில் பாஸ்பேட் குறையலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். செலவு சில ஆயிரம். இதெல்லாம் பரவாயில்லை. ஊசி ஏறுவது கையில், துரு ருசி வந்தது நாக்கில்! அதுவும் பக்கவிளைவுப் பட்டியலில் இருக்கிறதாம். சாயங்காலம் வரைக்கும் விடவில்லை.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. அதற்கு முன் எனக்கு ஐஸ் பைத்தியம். ஃப்ரீஸர் தட்டைக் காலி செய்வேன். காசிமேட்டில் மீனுக்குக் கொட்டும் ஐஸைப் பார்த்தாலே எச்சில் ஊறும். இரும்புக் குறைவில் அப்படி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. டிரிப் போட்ட கொஞ்ச நாளில் அந்த ஆசை போன இடம் தெரியவில்லை. மாடி ஏறினால் மூச்சும் வாங்கவில்லை.

ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால், டிரிப்புக்கு நாலரை. அஸ்கார்பேட்டுக்கு மூன்று, வேலை செய்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டு. சிரப்புக்கு ஒன்று. பிஸ்கிளைசினேட்டுக்கு இரண்டுதான், ஃபெரிட்டினை ஏற்றாத மாத்திரைக்கு அதற்கு மேல் கிடையாது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போடுவது அதைத்தான், டாக்டரும் சரி என்றுவிட்டார். ஃபெரிட்டின் இறங்கினால் மறுபடி டிரிப் போட்டுக்கொள்கிறேன். அஸ்கார்பேட் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன். பிஸ்கிளைசினேட் அட்டையில் இன்னும் ரெண்டே மாத்திரைதான் மிச்சம், அந்தத் தம்பியிடம் சொல்லி வைக்க வேண்டும்.