வெந்நீர்ப் பாதைக்கு சிபிவிசி குழாய்: ஒரு மதிப்பீடு

கீஸர் உள்ள குளியலறைக்குச் சாதாரண பிவிசி குழாய் பொருந்தாது. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸுக்கு மேல் அது இளகத் தொடங்கிவிடும். 93 பாகை வரை தாங்கும் சிபிவிசி (குளோரின் கூடுதலாகச் சேர்த்த பிவிசி) குழாயையே எங்கள் வீட்டுச் சுவருக்குள் பதித்தோம். அதன் செயல்பாடு நிறைவாகவே இருக்கிறது. வாங்கும்போது குழாயின் மேல் ஐ.எஸ். 15778 என்னும் தர எண்ணும் எஸ்டிஆர் எண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்டிஆர் என்பது குழாயின் வெளிவிட்டத்தை அதன் சுவர்த் தடிமனால் வகுத்தால் கிடைக்கும் எண் என்பதால், ஒரே அளவுள்ள இரு குழாய்களில் 13.5 என்று குறித்ததைவிட 11 என்று குறித்ததே தடிமனானது. பெரிய எண்ணைக் காட்டி உயர்ந்த ரகம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். விலை சற்றுக் கூடினாலும் வெந்நீருக்கு நான் 11ஐயே பரிந்துரைப்பேன்.

குறை என்றால் வெயில்தான். மொட்டைமாடியில் நேரடி வெயில் படும் இடத்தில் சிபிவிசி நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைவதால், அங்கே பெயின்ட் பூச்சோ உறையோ அவசியம். ஒட்டும் பசையும் சிபிவிசிக்கு உரியதாகவே இருக்க வேண்டும். கையிலிருக்கும் யுபிவிசி (குளிர்நீர்க் குழாய்களுக்கான கெட்டி பிவிசி) பசையைத் தடவி வேலையை முடித்துவிடும் பிளம்பர்களும் உண்டு, அந்த இணைப்பை வெந்நீர்ப் பாதையில் நம்ப முடியாது. கழிவுநீருக்கு ஐ.எஸ். 13592 தரத்திலான எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீர் வடிகாலுக்கான பிவிசி) குழாயே போதுமானது.